கலத்தைக் காப்போம், கலத்திலுள்ளவனையும் காப்போம்

(சம்பூரில் உழவர்களும் கடற்றொழிலாளரும் ஆசிரியர்களும் அலுவலர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)



கடற்கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காப்பது எவ்வாறு என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். "கொள்ளையர் திரிவதோ சோமாலியக் கடலில், நாம் வாழ்வதோ கொட்டியாரக் குடாக் கரையில். அந்தக் கதை நமக்கெதற்கு?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயத்தை முதலில் தீர்த்துவிட்டு மேலே செல்வோம்.

மாலையில் இக்கரையில் நின்று பார்க்கின்றீர்கள். எதிர்ப்புறத்தே திருகோணமலைத் துறைமுகத்தை நோக்கிக் கோதுமைக் கப்பல் போகின்றது. உங்கள் வயலுக்கு வேண்டிய பசளையும், உழவு இயந்திரத்துக்கு வேண்டிய எண்ணெயும், அடுப்பங்கரைக்கு வேண்டிய மாவும் கடல்வழி வருவனவே. கடலில் ஆபத்துக் கூடினால் கப்பலின் காப்புறுதிக் கட்டணம் கூடும். கப்பல் சுற்றுவழி போகும். எரியெண்ணெய்ச் செலவு ஏறும். ஏறிய செலவைக் கப்பல் முதலாளி தம் சட்டைப் பையிலிருந்து கொடுப்பதில்லை. அது கைமாறிக் கைமாறி, ஈற்றில் ஓர் அந்தர் பசளையின் விலையிலும் ஒரு றாத்தல் பாணின் விலையிலும் வந்து உட்காருகிறது. 2005 முதல் 2012 வரை சோமாலியக் கொள்ளையர் பெற்ற கப்பப் பணம் 33.9 கோடி முதல் 41.3 கோடி டொலர் வரை இருக்கும் என்று 2013இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. ஆனால் அவர்களால் உலக வாணிகத்துக்கு விளைந்த நட்டமோ ஆண்டொன்றுக்கு 1,800 கோடி டொலர் என்று உலக வங்கி அதே ஆண்டில் கூறிற்று. கள்வன் எடுத்தது கைப்பிடி. ஊரார் இழந்தது களஞ்சியம்!

இன்னுமொன்று. கப்பலில் வேலை செய்பவர் யார்? நம் மாவட்டத்து இளைஞரும், நம்மைப் போன்ற ஏழை நாடுகளின் இளைஞருமே. ஆகவே இது அயலார் கதையன்று. நம் வீட்டுக் கதை.

பழைய பகை

கடற்கொள்ளை நேற்று முளைத்த தொல்லையன்று. ஏறத்தாழ ஆயிரத்துத் தொளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், உரோம நாட்டவரான பிளினி, சேர நாட்டு முசிறிக்கு வரும் கப்பல்கள் கொள்ளையருக்கு அஞ்சி வில்லாளர் கூட்டத்தை ஏற்றி வந்தன என்று எழுதி வைத்தார். கடலிடையே கடம்ப மரத்தைக் காவல் மரமாகக் கொண்டு குறும்பு செய்தோரைச் சேரன் ஒருவன் அடக்கிய செய்தியைப் பதிற்றுப்பத்து கூறுகிறது. பின்னாளில் கடல் கடந்து வாணிகம் நடத்திய ஐந்நூற்றுவர் என்னும் வணிகப் பெருங்குழு, தன் பண்டங்களைக் காக்க எறிவீரர் எனப்பட்ட படைவீரரைத் தன்னுடன் வைத்திருந்தது. வேந்தன் கடலைக் காப்பது ஒரு முறை. வணிகனே காவல் வைத்துக்கொள்வது மற்றொரு முறை. இன்று வல்லரசுகள் பேசுவதும் இவ்விரண்டைப் பற்றியே.

நமது குடாவும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துப் புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புது மரம் நாட்டுவதற்காக இந்தக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கரையிறங்கிய கப்பல் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் மற்றும் சிலரும் 1660இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் பிடிக்கப்பட்டனர். தந்தை சிறையிருந்த மண்ணிலேயே இறந்தார். மகன் 1679இலேயே தப்பினார். பத்தொன்பது ஆண்டுகள்! அரசன் அதைக் கொள்ளையென்று கருதியிருக்கமாட்டான். தன் நாட்டில் தன்னைக் கேளாது இறங்கியோரைத் தடுத்ததாகவே கருதியிருப்பான். ஆனால் பிடிபட்ட மாலுமிக்கு அந்த வேறுபாட்டினால் என்ன ஆறுதல்? கப்பல் தப்பிப் போயிற்று, மனிதர் அகப்பட்டனர். இன்று நாம் சொல்லப்போகும் செய்தியின் கரு இதுவே.

கொள்ளையர் வரும் வழி

சோமாலியக் கரையில் 2008 முதல் 2011 வரை கொள்ளை உச்சத்தில் நின்றது. 2010ஆம் ஆண்டில் மட்டும் அவர்கள் 49 கப்பல்களைப் பிடித்து, 1,016 பேரைப் பணயக்கைதிகளாக்கினர். 2011இல் அவர்கள் நடத்திய தாக்குதல்கள் 237.

அவர்கள் பெரிய போர்க்கப்பலில் வருவதில்லை. நம் கரையிற் காணும் வெளியிணைப்பு இயந்திரப் படகு போன்ற சிறு படகு, ஓர் ஏணி, ஒரு கொளுக்கி, நான்கைந்து துப்பாக்கிகள்; இவ்வளவே அவர்களின் படைக்கலம். கரையிலிருந்து நெடுந்தூரம் வரவேண்டுமானால் முதலில் ஒரு மீன்பிடிக் கலத்தைப் பிடிப்பர். அதைத் தாய்க்கலமாக்கி, சிறு படகுகளை இழுத்துக்கொண்டு நடுக்கடலுக்கு வருவர். 2024 ஜனவரியில் 'லொரென்சோ புத்தா 4' என்ற இலங்கைப் பலநாட் கலத்தை ஆறு தொழிலாளருடன் அவர்கள் பிடித்தனர். சீசெல்ஸ் நாட்டின் காவற்படை இரண்டொரு நாளில் அவர்களை மீட்டது. கொள்ளையனுக்கு வேண்டியது அவர்களின் மீனன்று, அவர்களின் கலம். ஆகவே ஆழ்கடலுக்குப் போகும் நம் கடற்றொழிலாளரும் இவ்வாபத்துக்கு வெளியே இல்லை.

சிறு படகுக்குக் கொந்தளிக்கும் கடல் பகை. நம் பக்கத்துக் கச்சான் மாதங்களில், தென்மேற்குப் பருவக்காற்று அரபுக் கடலைக் கலக்கும்போது, கொள்ளை குறையும். காற்று அடங்கக் கொள்ளையர் கிளம்புவர். விடியலும் அந்தியும் அவர்களுக்கு உகந்த வேளை. கடலறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கப்பலின் தற்காப்பு

கப்பற்றுறையினர் தம் பட்டறிவையெல்லாம் திரட்டி ஒரு கையேடு ஆக்கினர். அது பல பதிப்புகள் கண்டு, 2025இலும் புதுக்கப்பட்டுள்ளது. அதன் சாரம் நம் வயற் காவலுக்கு ஒப்பானது. யானை வரும் வழியை அறிதல், வேலி கட்டுதல், பரணில் விழித்திருத்தல், வந்துவிட்டால் உள்ளே ஒடுங்கி ஊரைக் கூப்பிடுதல் என்பவற்றை நீங்கள் அறியாதவர்களா?

முதலாவது, வழியறிதல். ஆபத்துள்ள கடலுக்குள் நுழையுமுன் கப்பல் தன் வரவை உரிய நிலையங்களுக்கு அறிவிக்க வேண்டும். பிரித்தானியக் கடற்படையின் கடல்வணிகத் தொடர்பு நிலையமும், கோலாலம்பூரில் 1992 முதல் இயங்கும் கடற்கொள்ளை முறைப்பாட்டு நிலையமும், 2018இல் இந்தியா குருகிராமில் நிறுவிய தகவல் நிலையமும் இப்பணியைச் செய்கின்றன. ஏடன் வளைகுடாவில் போர்க்கப்பல்கள் காவல் புரியும் பாதை ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. அதனூடே கூட்டமாகச் செல்வது நன்று.

இரண்டாவது, விழிப்பும் வேகமும். எல்லாப் பக்கமும் கண்காணிப்பாளர் நிற்க வேண்டும். படகு கண்ணிற் படுவதற்கும் அது கப்பலின் விலாவை அணைவதற்கும் இடையே அரை மணி நேரங்கூடக் கிடைப்பதில்லை. அதற்குள் வேகத்தைக் கூட்டித் திரும்பித் திரும்பி ஓடவேண்டும். மணிக்கு 18 கடல் மைலுக்கு மேல் விரைந்த கப்பலில் கொள்ளையர் ஏறியதாக முறைப்பாடு இல்லை என்று 2011இல் வந்த பதிப்பு கூறியது. ஆனால் பாரமேற்றித் தாழ்ந்து, பத்துப் பன்னிரண்டு மைல் வேகத்தில் ஊர்ந்து செல்லும் எண்ணெய்க் கப்பல் என்ன செய்யும்? அதற்கு வேலிதான் துணை.

மூன்றாவது, வேலி. கப்பலின் விளிம்பைச் சுற்றிலும் முட்கம்பிச் சுருள்களை அடுக்குவர். தீயணைக்கும் குழாய்களால் விலாவெங்கும் நீரைப் பீய்ச்சுவர். ஏணியிற் கால் வைப்பவன் நிலைகொள்ளான். கதவுகளையும் சாளரங்களையும் உள்ளிருந்து தாழிடுவர்.

நான்காவது, உள்ளரண். இதுவே அண்மைக் காலத்தில் பல உயிர்களைக் காத்தது. கப்பலின் உட்புறத்தே உறுதியான கதவுகளையுடைய ஓர் அறை. அதில் உணவு, நீர், மருந்து இருக்கும். வெளியுலகுடன் பேசும் தனிக் கருவி இருக்கும். முடிந்தால் இயந்திரத்தை அங்கிருந்தே நிறுத்தும் வசதியும் இருக்கும். கொள்ளையர் ஏறிவிட்டால் அனைவரும் அங்கே புகுந்து தாழிட வேண்டும். அனைவரும் என்பதை அழுத்திச் சொல்கிறோம். சமையலாள் ஒருவன் வெளியே அகப்பட்டாலும் போதும். அவன் தலையிற் துப்பாக்கி வைத்துக் கதவைத் திறக்கச் சொல்வர். மீட்க வரும் படையும் சுடத் தயங்கும். கடையன் ஒருவன் வெளியே நின்றால் கப்பலே வெளியே நின்றது போலாம்.

2024 ஜனவரி 4ஆம் நாள் 'லீலா நோர்ஃபோக்' என்ற கப்பலில் கொள்ளையர் ஏறினர். இந்தியர் பதினைவர் உட்பட இருபத்தொரு மாலுமிகளும் உள்ளரணிற் புகுந்தனர். ஐ.என்.எஸ். சென்னை என்ற போர்க்கப்பல் விரைந்தது. மறுநாள் வீரர்கள் கப்பலில் ஏறிப் பார்க்கையில் கொள்ளையரைக் காணவில்லை. மாலுமிகள் யாவரும் நலம். 2025 நவம்பர் 6ஆம் நாள், குசராத்திலிருந்து தென்னாபிரிக்காவின் டர்பனுக்குப் பெற்றோல் ஏற்றிச் சென்ற 'ஹெலாஸ் அப்ரடைட்டி' என்ற கப்பலுக்கும் இதே கதி நேர்ந்தது. இருபத்துநால்வரும் உள்ளரணில் இருந்தனர். மறுநாள் ஸ்பெயினின் போர்க்கப்பல் வந்து மீட்டது. கதவொன்று உறுதியாயிருந்தால் கப்பம் இல்லை, சிறையில்லை, சாவில்லை.

படையும் சட்டமும்

ஐரோப்பிய நாடுகளின் கடற்படைப் பணி 2008 டிசெம்பரிலும், இந்தியக் கடற்படையின் காவல் அதே ஆண்டு ஒக்டோபரிலும் ஏடன் வளைகுடாவில் தொடங்கின. 2012க்குப் பின்னர் கொள்ளை வீழ்ந்தது. பகை தணிந்தது என்று கண்டு, மிகு ஆபத்துப் பிரதேசம் என்ற அடையாளத்தை 2023 ஜனவரியில் கப்பற்றுறையினர் நீக்கினர். அவ்வாண்டு முடியுமுன்னரே செங்கடலில் யேமன் நாட்டுப் போராளிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினர். போர்க்கப்பல்களின் கவனம் அங்கே திரும்பியது. சோமாலியக் கொள்ளையர் மீண்டும் கடலில் இறங்கினர். களை வாடிவிட்டதென்று மண்வெட்டியைத் தூக்கி எறிந்தவன் அடுத்த போகத்தில் கண்ட காட்சி அது!

2023 டிசெம்பர் 14இல் பிடிபட்ட 'ரூவன்' என்ற கப்பலை, இந்தியக் கடற்படை 2024 மார்ச் 16இல் மீட்டது. மாலுமிகள் பதினெழுவர் காயமின்றி மீண்டனர். கொள்ளையர் முப்பத்தைவர் சரணடைந்தனர். அவர்களைக் கடலில் விட்டுவிட்டுப் போகாமல் மும்பைக்குக் கொண்டுவந்து, 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தனர். முன்னைய காலத்தில் பிடித்த கொள்ளையரை வழக்காட இடமின்றிப் பல கடற்படைகள் விட்டுவிட்டதுண்டு. பிடிப்பவன் கை வலுத்தும் தீர்ப்பவன் வாய் அடைத்திருந்தால் பயனென்ன?

துப்பாக்கிக் காவலின் இருமுனை

உச்சக் காலத்தில் கப்பல் முதலாளிகள் தனியார் ஆயுதக் காவலரை அமர்த்தினர். அத்தகைய காவலர் நின்ற கப்பல் எதுவும் பிடிபடவில்லை என்பது அவர்களின் வாதம். அதில் உண்மையுண்டு, மறுக்கவில்லை. ஆனால் மறுபுறத்தையும் நாம் பார்க்கவேண்டும்.

2012 பெப்ரவரி 15ஆம் நாள், கேரளக் கடலில் 'என்றிக்கா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவல் நின்ற அந்நாட்டுக் கடற்படையினர், நெருங்கி வந்த மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகென்று எண்ணிச் சுட்டனர். இரு மீனவர் மாண்டனர். ஒருவர் கேரளத்தவர், மற்றவர் நம் தமிழ் மண்ணின் கன்னியாகுமரி மாவட்டத்தவர். எட்டாண்டு வழக்குக்குப் பின்னர், 2020இல் அனைத்துலக நடுவர் மன்றம் இத்தாலி இழப்பீடு தரவேண்டுமென்று தீர்த்தது. 2021இல் பத்துக் கோடி ரூபா செலுத்தப்பட்டது. பணம் வந்தது; வலை வீசப் போனவர் வரவில்லை.

2013 ஒக்டோபரில் தூத்துக்குடிக் கடலில் 'சீமன் கார்ட் ஒகாயோ' என்ற காவற்கப்பல் ஆயுதங்களுடன் பிடிபட்டது. அதிலிருந்த முப்பத்தைவருக்கும் 2016இல் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2017இல் மதுரையிலமர்ந்த உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கொள்ளையரைத் தடுக்கச் சென்றோர் எந்த நாட்டின் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டோர் என்பது தெளிவாகாமையால் வந்த வினை அது.

ஆகவே காவல் வேண்டும். ஆனால் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட காவல் வேண்டும். முதலில் ஒலி, பிறகு ஒளி, பிறகு எச்சரிக்கை வெடி, வேறு வழியே இல்லாவிடத்து மட்டும் சூடு என்ற படிமுறை வேண்டும். கடற்றொழிலாளத் தோழர்களுக்கும் ஒன்று சொல்வோம். மீன் கூட்டத்தைத் தொடர்ந்தோ வலையைக் காக்கவோ பெருங்கப்பலை நெருங்க நேரிடும். ஆபத்துக் கடலில் இயன்றவரை விலகி நில்லுங்கள்; இரவில் விளக்கை அணைக்காதீர்கள்; வானொலியில் அழைத்தால் மறுமொழி கூறுங்கள். மேலே நிற்பவனின் அச்சம் உங்கள் குற்றமன்று. எனினும் அவன் விரல் துப்பாக்கியின் விசையில் இருக்கிறது.

மலிந்த கப்பலும் மறந்த மாலுமியும்

இனி நம் நெஞ்சை உறுத்தும் பகுதிக்கு வருவோம். இவ்வளவு காவல் முறைகளும் இருந்தும் அகப்படுவோர் யார்? பெரும்பாலும், செலவைக் குறைக்க விரும்பிய முதலாளியின் பழைய, தாழ்ந்த, மெதுவான கப்பலில் வேலைக்குச் சேர்ந்த ஏழைகள்.

2010 நவம்பரில் 'அல்பீடோ' என்ற மலேசியக் கொடிக் கப்பல் பிடிபட்டது. அதில் இருபத்துமூவர், அவருள் இலங்கையர் அறுவர். முதலாளி பணங் கட்டி மீட்கவில்லை. 2012இல் பாக்கிஸ்தானியர் எழுவருக்காக அவர்கள் நாட்டார் நிதி திரட்டி அவர்களை மீட்டனர். மற்றவர்கள்? இந்தியர் ஒருவர் கொல்லப்பட்டார். 2013 ஜூலையில் நங்கூரமிட்ட நிலையில் கப்பலே மூழ்கிற்று. இலங்கையர் நால்வர் கடலுக்கு இரையாயினர். எஞ்சிய பதினொருவர் மூன்றரை ஆண்டுச் சிறைக்குப் பின்னர் 2014 ஜூனில் மீண்டனர். அறுவராகச் சென்ற நம் நாட்டவர் இருவராகத் திரும்பினர். அவர்கள் சிங்களவரா, தமிழரா, முஸ்லிம்களா என்று நாம் கேட்கவில்லை. தாயின் கண்ணீருக்கு மொழியேது?

2017 மார்ச்சில் 'ஆரிஸ் 13' என்ற சிறு எண்ணெய்க் கப்பல், யிபுத்தியிலிருந்து மொகடிசுவுக்குச் செல்கையில் பிடிபட்டது. மாலுமிகள் எண்மரும் இலங்கையர். கப்பல் தாழ்ந்தது, மெதுவானது, காவலற்றது. கரையோரக் குறுக்குவழியிலும் சென்றது. எண்ணெய் சோமாலிய வணிகருக்குரியது என்று அறிந்தமையாலும் உள்ளூர்ப் படையினதும் பெரியோரினதும் நெருக்கத்தாலும் சில நாளில் கப்பமின்றி விட்டனர். நல்லூழ்! ஆனால் நல்லூழை நம்பியா மகனைக் கடலுக்கு அனுப்புவது?

ஆகவே வீட்டுத் திண்ணையிலேயே கேட்க வேண்டிய கேள்விகள் உள. முகவரின் உரிமம் செல்லுமா? கொழும்பிலுள்ள வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தில் விசாரித்தோமா? கப்பலின் பெயரும் கொடியும் முதலாளியும் யார்? காப்புறுதி உண்டா? ஆபத்துக் கடலுக்குப் போகுமா? போனால் உள்ளரணும் காவலும் உளவா? கொள்ளையரிடம் அகப்பட்ட மாலுமிக்குச் சிறையிருக்கும் காலம் முழுவதும் சம்பளம் வழங்கப்பட வேண்டும் என்பது, 2020 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் உடன்படிக்கைத் திருத்தத்தின் விதி. அந்த உடன்படிக்கையை இலங்கையும் ஏற்றுள்ளது. ஒப்பந்தத்தின் ஒரு படியை வீட்டில் வைத்திருங்கள். ஊர்ப் பட்டதாரிகளும் சட்டம் கற்றோரும் இத்தாளை ஒரு முறை வாசித்துக் கொடுத்தால், அது ஆயிரம் மேடைப் பேச்சினும் மேலான தொண்டாகும்.

வேரும் விருந்தும்

கொள்ளை எங்கிருந்து முளைத்தது? 1991இல் சோமாலியாவில் அரசு சரிந்தது. காவலற்ற கடலில் பிறநாட்டு இழுவைக் கலங்கள் புகுந்து மீனை வாரின. தம் கடலைக் காக்கிறோம் என்று சொல்லிச் சிலர் படகேறினர். விரைவில் முதல் போடுவோர் வந்தனர். அந்தச் சொல் சாட்டாயிற்று, கப்பம் தொழிலாயிற்று. பெரும்பங்கு கரையிலிருந்த பணக்காரனுக்கு; கடலில் செத்தவன் ஏழை. இழுவைமடியால் மீன்வளம் அழிவது என்னவென்று அறிந்த நமக்கு அவர்களின் முதற் குறை விளங்கும். ஆனால் அயலான் ஒருவன் நம் மீனைத் திருடினான் என்பதற்காக வேறொருவன் பிள்ளையைச் சிறை வைக்க எவருக்கும் உரிமையில்லை.

நம் வாசலையும் பார்ப்போம். 2006 டிசெம்பரில், இந்தியாவிலிருந்து அரிசி ஏற்றிச் சென்ற 'ஃபரா 3' என்ற ஜோர்தானியக் கப்பல், இயந்திரம் பழுதாகி முல்லைத்தீவுக்கு அப்பால் நின்றது. அதன் மாலுமிகளைத் தாம் காப்பாற்றியதாக விடுதலைப் புலிகள் கூறினர்; வலிந்து இறக்கப்பட்டதாகக் கப்பல் தலைவர் கூறினார். மாலுமிகள் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டு நலமே வீடு சேர்ந்தனர். கப்பலோ எலும்புக்கூடாகிக் கரையிற் கிடந்தது. எந்தப் போரிலும், எந்தக் கொடியின்கீழும், கரையொதுங்கியவனிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி "உன் நாடு எது?" என்பதன்று, "பசிக்கிறதா?" என்பதே என நாம் கருதுகிறோம்.

நீங்கள் 2006இல் இம்மண்ணை விட்டு விரட்டப்பட்டு, ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின்னர் திரும்பி வந்தவர்கள். வீட்டுக்குத் திரும்ப முடியாதவனின் துன்பம் இன்னதென்று உங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1863இல் உங்கள் முனையில் வெளிச்சவீடு எழுப்பினார்கள். பெயரறியாத கப்பலுக்கும், முகமறியாத மாலுமிக்கும் வழி காட்டவே அது எழுந்தது.

முட்கம்பி கப்பலைக் காக்கும். உள்ளரண் உயிரைக் காக்கும். கடற்படை பாதையைக் காக்கும். ஆனால் மலிவுக்காக மாலுமியைப் பலியிடும் வாணிகத்தை, கேள்வி கேட்கும் குடும்பமும் விழித்திருக்கும் ஊருமே தடுக்கும். அடுத்த முறை உங்கள் தெருவில் ஓர் இளைஞன் பெட்டி கட்டும்போது, அவன் தாய் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு "எந்தக் கப்பல், தம்பி? யாருடைய கப்பல்?" என்று கேட்கட்டும். அந்தக் கேள்வியிலிருந்து காவல் தொடங்கட்டும்.